மகள் வீடு திரும்பிய பிறகும்

வணக்கம். சர்வாதிகார ஆட்சியில் உயிரைப் பணயம் வைத்து மனித உரிமை கேட்கிறவர்களைக் கொள்கைப் பிடிப்பு, வீரம் என்று சொல்லி நாம் சட்டென்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அர்ஜென்டினா கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1976இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ராத்திரியில் வீடு புகுந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அப்புறம் எந்த ஸ்டேஷனில் கேட்டாலும் அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்பதுதான் பதில். அதே வாசல்களில் அலைந்து முகம் பழகிப்போன அம்மாக்கள் 14 பேர், 1977 ஏப்ரல் 30 அன்று புவெனஸ் அயர்ஸில் அரசு மாளிகைக்கு எதிரே மே சதுக்கத்தில் கூடினார்கள். கும்பலாக நிற்காதே, நட என்றது போலீஸ். சரி என்று நடந்தார்கள், சதுக்கத்தையே சுற்றிச் சுற்றி, வாராவாரம். பிறகு, கூட்டத்தில் அடையாளம் தெரியவேண்டும் என்று கைக்குழந்தைக்கு இடுப்பில் கட்டும் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டார்கள்.

அவர்களில் எஸ்தர் பாலஸ்ட்ரினோ என்று ஒருவர். (பின்னாளில் போப் ஆன பிரான்சிஸ், இளவயதில் இவருக்குக் கீழே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்.) எஸ்தரின் 16 வயது மகளைப் பிடித்துப் போனார்கள், அந்தப் பெண் அப்போது கர்ப்பிணி, சில மாதம் கழித்து விட்டுவிட்டார்கள். மகளைப் பத்திரமாக சுவீடனில் சேர்த்த எஸ்தர், அங்கேயே இருந்திருக்கலாம். சதுக்கத்துக்குத் திரும்பி வந்தார். உன் பிள்ளைதான் கிடைத்துவிட்டாளே என்று மற்றவர்கள் தடுத்தபோது, எல்லோர் பிள்ளையும் வரட்டும் என்றாராம்.

அந்த டிசம்பரிலேயே அவரையும் இன்னும் இரண்டு அம்மாக்களையும் இரண்டு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீகளையும் கடத்தி, விமானத்திலிருந்து கடலில் தள்ளினார்கள். காணாமல் போன அண்ணனைத் தேடும் தம்பி என்று சொல்லி அவர்களோடு பழகிக் காட்டிக்கொடுத்தவன் ஒரு கடற்படை அதிகாரி. கரை ஒதுங்கிய உடல்களைப் பெயர் போடாமல் புதைத்தார்கள். எலும்புகளை வைத்து இன்னார் என்று கண்டுபிடித்தது 2005இல்தான். இதற்குப் பிறகும் மீதி அம்மாக்கள் சதுக்கத்துக்கு வந்தார்கள், எண்ணிக்கை குறைந்திருந்தாலும்.

எஸ்தரை நினைக்கும்போதெல்லாம் சுனாமி சமயத்தில் எங்கள் தேவனாம்பட்டினத்தில் பார்த்த ஒரு ஆயாதான் ஞாபகத்துக்கு வருகிறார். கடல் யாரையும் மிரட்டவில்லை, அது வேறு விஷயம். ஆயாவுக்குப் பேரன் உடம்பு மறுநாளே கிடைத்துவிட்டது, அடக்கமும் முடிந்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார், அவள் பிள்ளையைத் தேட.