மெழுகுவர்த்தியும் வாக்காளர் இடாப்பும்

(கொட்டாஞ்சேனையிலுள்ள கத்தோலிக்க மகளிர் பாடசாலை ஒன்றின் உயர்தர மாணவியர் பிரியாவிடை விழாவில், பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கத்துக்குரிய பங்குத்தந்தை அவர்களே, அதிபர் அருட்சகோதரி அவர்களே, இந்த வயதிலும் இரண்டு மாடி ஏறி வந்திருக்கும் முன்னாள் அதிபர் அருட்சகோதரி அவர்களே (அவருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள், பிள்ளைகளே), மாநகர சபையின் கௌரவ உறுப்பினர் அவர்களே, பழைய மாணவியர் சங்கத் தலைவி அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோர்களே, வெயில் என்றும் பாராமல் காலையிலிருந்து பந்தல் கட்டிய தம்பிமாரே, இன்றைய மேடைக்குச் சொந்தக்காரிகளான என் அன்புப் பிள்ளைகளே! யாரையாவது விட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். சிஸ்டர் தந்த துண்டில் இருந்ததை வரிசை பிசகாமல் வாசித்துவிட்டேன்.

எனக்குத் தந்திருப்பது பத்து நிமிடம். மூன்று விஷயம் பேசலாம் என்றிருக்கிறேன். இந்தப் பிரியாவிடைச் சடங்குகள் எங்கிருந்து வந்தன, அவற்றுக்கு என்ன பொருள், இப்போது அவற்றுக்கு ஆகிற செலவு.

கொட்டாஞ்சேனைக்கு நல்லாயன் சபைச் சகோதரிகள் வந்தது 1869இல். பிரான்ஸ் தேசத்து ஆஞ்சே நகரில் தொடங்கிய சபை அது. எங்கள் பிரியாவிடைச் சடங்கு இதுதான்: காலையில் நன்றித் திருப்பலி, லூர்து மாதா கெபிக்கு (குகை வடிவச் சிற்றாலயத்துக்கு) முன்னால் ஒரு பாட்டு, மெழுகுவர்த்தி ஏற்றிக் கைமாற்றுவது, பாடசாலைக் கீதம், கேக், கடைசியில் அழுகை. அமெரிக்காவின் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிகள் பலவற்றில் நீளமான வெள்ளைக் கவுனும் கையில் சிவப்பு ரோசாவும் என்று கேள்வி. எங்களுக்கு வெள்ளைச் சீருடையே போதும். அதில் கூட்டாளிமார் ஃபெல்ட் பேனையால் கையெழுத்துப் போட, வீட்டில் அம்மா சன்லைட் சவுக்காரம் போட்டுக் கசக்கிவிட்டு, "இதைத் தங்கச்சிக்குக் கொடுக்கலாம் என்றிருந்தேனே" என்று ஏசுவார்!

மெழுகுவர்த்தி என்றதும் எங்கள் வருடத்துக் கதை நினைவுக்கு வருகிறது. அதிபர் சிஸ்டர் மின்விசிறியைப் போடவே கூடாது என்று சொல்லிவிட்டார். சுவாலை ஆடும், சடங்கு கெடும். நாங்கள் எண்பது பேரும் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறோம். பிரதம விருந்தினர் நல்ல உடம்புக்காரர். கோட்டு வேறு. பாவம், மெல்ல எழும்பிப் போய், தானே சுவிட்சைத் தட்டிவிட்டார். பட்டென்று அத்தனை மெழுகுவர்த்தியும் அணைந்தது. ஹோல் முழுக்கத் தேடியும் ஒரு நெருப்புப்பெட்டி இல்லை. சமையலறைப் பெட்டியோ ஈரம். சிஸ்டரின் கண் மெதுவாக வாசலில் நின்ற காவலாளி வோச்சர் ஐயா பக்கம் திரும்பியது. அவரோ பீடியை விட்டுவிட்டதாகக் கொச்சிக்கடை அந்தோனியார் மேல் சத்தியம் பண்ணியிருந்தவர். அதுவும் சிஸ்டர் வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் பண்ண வைத்த சத்தியம். ஐயா கூரையைப் பார்த்தார், கெபியைப் பார்த்தார். பிறகு, "கோவிக்கப்படாது சிஸ்டர்" என்று மடியை அவிழ்த்து ஒரு நெருப்புப்பெட்டியை நீட்டினார். மெழுகுவர்த்திகள் எரிந்தன. சிஸ்டர் பெட்டியைத் தன் அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தப் பெட்டி வோச்சர் ஐயாவுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை! பிறகு அவர் உண்மையாகவே பீடியை விட்டாரென்று கேள்விப்பட்டேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

என்னைத் தெரிந்தவர்கள் இப்போது சிரிக்கிறீர்கள். "இந்த அக்கா இனி வாக்காளர் இடாப்புக்குப் போய்விடுவார்." ஆமாம், போகத்தான் போகிறேன். அடிமேல் அடி.

1931இல் இந்த நாட்டில் 21 வயதான பெண்ணுக்கு வாக்குரிமை கிடைத்தது. நான் சொன்ன அந்தப் பிரான்ஸ் தேசத்துப் பெண்களுக்கு 1944இல்தான்! இங்கே வாக்குரிமை வந்த அடுத்த வருடமே, 1932 இடைத்தேர்தலில், நம்ம பக்கத்துக் கொழும்பு வடக்குத் தொகுதியில் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண்மணி அந்நாளைய சட்டசபையான அரசுப் பேரவைக்குத் தெரிவானார். இந்த வகுப்பில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? கை தூக்கச் சொல்ல மாட்டேன், வெட்கமாகிவிடும். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்த எத்தனையோ அம்மம்மாமார் இடாப்பிலிருந்தே காணாமல் போனார்கள். அவர்களின் பேத்திகள் இந்த ஹோலில் இருக்கிறார்கள். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு 2018 தேர்தலில்தான் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதே வருடம் கொழும்புக்கு முதல் பெண் மேயரும் வந்தார். உறுப்பினர் ஐயா தலையாட்டுகிறார், நன்றி.

ஆனால் உங்களில் பலர் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். வீட்டுக்காரர் "இடாப்பில் பெயர் போட வேண்டாம், பிறகு உங்களை வீட்டை விட்டு எழுப்ப முடியாது" என்பார். அப்பாவும் "சரி விடு" என்பார். விடாதீர்கள். கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். இல்லையென்றால் மறுபடியும் போங்கள். அம்மியைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன். 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வருட நடுவில் 18 வயதாகிறவர்களுக்கும் இடாப்பில் சேர வழி இருக்கிறது.

செலவு பற்றிச் சொல்வதாக இருந்தேன். சிஸ்டர் மணியைக் காட்டுகிறார். ஹோட்டலில் நடக்கப்போகிற விருந்துக்கு எவ்வளவு சேர்த்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், அதைப் பற்றி உங்கள் அம்மாமாரோடு வெளியில் பேசிக்கொள்கிறேன். கெபிக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். படிவமும் பேனையும் அங்கே இருக்கின்றன. அடையாள அட்டைக்கு இன்னும் விண்ணப்பிக்காதவர்களின் படிவத்தில் அதிபர் சிஸ்டர் இன்றைக்கே கையெழுத்து வைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கேக் வெட்ட முதல் வாருங்கள். வெட்டின பிறகு யாரும் வரமாட்டீர்கள்.

நன்றி, வணக்கம்.