செய்தி வந்தது, எச்சரிக்கை வரவில்லை: 1942 ஈஸ்டர் ஞாயிறும் இலங்கையின் ஸ்குவாட்ரன்களும்

நண்பர்களுக்கு வணக்கம்.

போர்க்கால விமானப்படை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தனி விமானிதான். யார் எத்தனை விமானத்தை வீழ்த்தினார், யாருக்கு என்ன பதக்கம் என்றுதான் கேட்போம். ஆனால் விமானப்படை சண்டை போடுவது ஸ்குவாட்ரன் கணக்கில். பத்துப் பதினாறு போர் விமானம், இருபது விமானிகள், அவர்களுக்குப் பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட மெக்கானிக்குகள், குண்டு ஏற்றுபவர்கள், வயர்லெஸ் ஆட்கள், சமையல்காரர்கள். இத்தனை பேரும் போய்விட்டாலும் ஸ்குவாட்ரனின் எண் மட்டும் சாகாது. வேறு ஊரில், வேறு ஆட்களோடு, அதே எண் மறுபடி எழுந்து நிற்கும்.

பிரிட்டிஷ் விமானப்படையின் 258 ஆம் ஸ்குவாட்ரன் அப்படிப்பட்டது. 1942 தொடக்கத்தில் சிங்கப்பூர், சுமத்ரா, ஜாவா என்று வரிசையாகத் தோற்ற இடங்களில் எல்லாம் அது இருந்தது. ஜாவாவோடு ஏறக்குறைய முடிந்துபோனது. மார்ச் மாதம் கொழும்பில் ஹரிக்கேன் போர் விமானங்களைக் கொடுத்து அதே எண்ணில் மறுபடி உருவாக்கினார்கள். விமானத்தளம் எது தெரியுமா? கொழும்புக் குதிரைப் பந்தயத் திடல். ஊருக்கு நடுவே பந்தயத் திடலை ஓடுபாதையாக்கியிருந்தார்கள். ஜப்பானியருக்கு அது தெரியாது. ரத்மலானை விமான நிலையம் தெரியும். அங்கே 30 ஆம் ஸ்குவாட்ரன் இருந்தது. அது கிரீஸிலும் ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும் சண்டையிட்டுவிட்டு, இண்டாமிட்டபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் வந்து இறங்கியது. திருகோணமலையின் சீனன்குடாவில் 261 ஆம் ஸ்குவாட்ரன். தெற்கே கொக்கலை ஏரியில் கேடலினா என்ற பெரிய பறக்கும் படகுகள். அவை வேவு பார்ப்பவை, நீரிலிருந்தே எழுந்து நீரிலேயே இறங்குபவை.

அந்தக் கேடலினாக்களில் ஒன்று கனடாவின் 413 ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே குளிரில் கிடந்தவர்களை இங்கே அனுப்பியிருந்தார்கள். லியனார்ட் பர்ச்சல் என்ற அதிகாரி கொக்கலைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஏப்ரல் 4 ஆம் தேதி விடியும் முன்பே கிளம்பி, நாள் முழுக்கப் பறந்து, திரும்ப வேண்டிய நேரத்தில் தெற்கே அடிவானத்தில் ஒரு புள்ளியைக் கண்டார். கிட்டப் போனால் கப்பல், அதற்குப் பின்னால் இன்னும் கப்பல்கள். ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் படை அது. அகாகி, சோரியு, ஹிரியு, ஷோகாகு, சுய்காகு என்று ஐந்து விமானந்தாங்கிகள். நான்கு மாதம் முன்பு பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே படை, இலங்கையிலிருந்து அறுநூறு கிலோமீட்டர் சொச்சத்தில்.

வயர்லெஸ்காரர் செய்தியைச் சங்கேத மொழியில் அனுப்பத் தொடங்கினார். மூன்று முறை திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றாவது முறை பாதியில் இருக்கும்போது ஜப்பானின் ஜீரோ போர் விமானங்களின் குண்டு கருவியை உடைத்துவிட்டது. ஒன்பது பேரில் ஆறு பேர் உயிரோடு பிடிபட்டார்கள். பர்ச்சல் போர் முடியும்வரை ஜப்பானியச் சிறையில் இருந்தார். கனடாவில் அவருக்கு ‘இலங்கையின் மீட்பர்’ என்று பெயர்.

அந்தப் பட்டத்தைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் பேச வேண்டும். பர்ச்சலின் துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கதையை எல்லோரும் இந்த இடத்தோடு முடித்துவிடுகிறார்கள். செய்தி கிடைத்தது, தீவு தப்பியது, சுபம். நடந்தது அப்படி இல்லை.

செய்தி கிடைத்தது உண்மை. அன்று இரவே கொழும்புத் துறைமுகத்திலிருந்து கிளம்பக்கூடிய கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். பர்ச்சலின் செய்தியால் கிடைத்த கண்ணுக்குத் தெரியும் பலன் அதுதான். எதிரிக் கப்பற்படையைத் தொடர்ந்து கண்காணிக்க 205 ஆம் ஸ்குவாட்ரனின் கேடலினாக்களையும் இரவில் அனுப்பினார்கள். அவற்றில் ஒன்று விடியற்காலையில் கப்பல்களைப் பார்த்துச் செய்தி அனுப்பியது. சற்று நேரத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் யாரும் பிழைக்கவில்லை. நான்கு நாள் கழித்து 413 ஆம் ஸ்குவாட்ரனின் இன்னொரு கேடலினா திருகோணமலைக்கு அப்பால் அதே கடற்படையைக் கண்டு சொல்லிவிட்டு விழுந்தது. அதிலும் யாரும் மிஞ்சவில்லை. செய்த வேலை மூவருக்கும் ஒன்றே. பிழைத்து வந்தவருக்குப் பட்டம் கிடைத்தது.

சரி, ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலைக்கு வருவோம். விடியலில் தாக்குதல் வரும் என்று எதிர்பார்த்து விமானிகள் இருட்டிலேயே எழுந்து தயாராக நின்றார்கள். வரவில்லை. ஏழு மணி ஆனது. சிலர் காலைச் சாப்பாட்டுக்குப் போனார்கள். ஏழரை மணி வாக்கில், மிட்சுவோ புச்சிடா என்ற விமானியின் தலைமையில் சுமார் 125 ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்துவிட்டன. ராடார் இருந்தது. ஆனால் அதிலிருந்து விமானத் தளங்களுக்கு உரிய நேரத்தில் எச்சரிக்கை எதுவும் வந்து சேரவில்லை. முந்தின நாள் மாலையே தெரிந்த தாக்குதல்! ரத்மலானையில் ஹரிக்கேன்கள் தரையில் நின்றுகொண்டிருந்தன. தலைக்கு மேல் எதிரியைப் பார்த்த பிறகுதான் விமானிகள் ஓடி ஏறினார்கள். கூட்டாக அணிவகுக்க நேரமில்லை; ஒவ்வொருவராக, குண்டு விழும் ஓடுபாதையிலிருந்து கிளம்பினார்கள். மேலேறும்போது போர் விமானத்துக்கு வேகமும் இல்லை, உயரமும் இல்லை. 30 ஆம் ஸ்குவாட்ரன் 8 ஹரிக்கேன்களையும் 5 விமானிகளையும் இழந்தது.

யாருக்கும் தெரியாத பந்தயத் திடலுக்குக் குண்டு விழவில்லை. அதனால் 258 ஆம் ஸ்குவாட்ரனின் 14 விமானங்களும் ஒன்றாக மேலேற முடிந்தது. துறைமுகத்தின் மேல் பாய்ந்துகொண்டிருந்த குண்டுவீச்சு விமானங்கள் மீது உயரத்திலிருந்து இறங்கினார்கள். ஆனால் மேலே காவலுக்கு ஜீரோக்கள் இருந்தன. ஜீரோ மிக இலேசானது. ஹரிக்கேன் ஒரு வட்டம் திரும்பி முடிப்பதற்குள் அது பின்னால் வந்து நின்றுவிடும். ஐரோப்பாவில் கற்ற திருப்பங்கள் இங்கே உயிரை வாங்கின. 14-இல் 9 விமானம் போனது, 5 விமானிகள் இறந்தார்கள். தலைவர் பீட்டர் ஃபிளெட்சரே சுடப்பட்டுப் பாராசூட்டில் குதித்தார்.

இதைவிட எனக்கு மனம் ஆறாத ஒன்று உண்டு. அந்தக் காலையில் பிரிட்டிஷ் கடற்படையின் 788 ஆம் ஸ்குவாட்ரனின் ஆறு ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் சீனன்குடாவிலிருந்து கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்தன. துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானம், வயிற்றில் டார்பிடோ வேறு. சண்டை நடக்கும் இடத்துக்குள் நேராக வந்து மாட்டிக்கொண்டன. ஆறும் போயின. ஒரு வார்த்தை வயர்லெஸில் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாமே என்று படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

நகரத்தில் அங்கொடை மனநல மருத்துவமனை மீதும் குண்டு விழுந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாகக் கொழும்பைவிட்டுக் கிளம்பினார்கள். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்ததும் அந்தப் பீதி நம் ஊருக்கும் வந்தது. மதராஸ் பாதி காலியானது, அரசு அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாறின. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றார்கள்.

இனி கணக்குக்கு வருகிறேன். பிரிட்டிஷ் தரப்பு அன்று இருபதுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தது. ஜப்பானியப் பதிவுகளில் திரும்பி வராதவை 7. அவர்களும் சும்மா இருக்கவில்லை, ஐம்பதுக்கு மேல் வீழ்த்தினோம் என்றார்கள். பிரிட்டிஷார் உண்மையில் கொழும்பில் இழந்தது ஏறக்குறைய அதில் பாதி. இதில் யாரும் வேண்டுமென்று பொய் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டால் மூன்று பேரும் அதைத் தன் கணக்கில் எழுதுவார்கள். புகை விட்டபடி கீழே போனது விழுந்ததா, தப்பித்ததா என்று நின்று பார்க்க அந்த நொடியில் யாருக்கு நேரம்? அதனால்தான் சொல்கிறேன்: ஒரு ஸ்குவாட்ரனின் வரலாற்றைப் படித்தால் அதன் எதிரி எழுதி வைத்ததையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஏப்ரல் 9 ஆம் தேதி திருகோணமலை. இம்முறை ராடார் சரியாகச் சொன்னது, 261 ஆம் ஸ்குவாட்ரன் முன்கூட்டியே மேலேறிவிட்டது. அப்படியும் 8 ஹரிக்கேன்கள் போயின. எண்ணிக்கையும் விமானமும் எதிரிக்குச் சாதகமாக இருக்கும்போது எச்சரிக்கையால் ஓரளவுதான் ஆகும். அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் கப்பல் மூழ்கியது, 307 பேர் இறந்தார்கள். விமானந்தாங்கிக் கப்பல் அது, ஆனால் அதில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. அதன் 814 ஆம் ஸ்குவாட்ரனைக் கரையில் இறக்கிவிட்டிருந்தார்கள்.

அந்த நாளில் பெரிதாகப் பேசப்படாத ஒன்றும் நடந்தது. 11 ஆம் ஸ்குவாட்ரனின் ஒன்பது ப்ளென்ஹீம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவின் கப்பல்களைத் தேடிப் போய்க் கண்டுபிடித்தன. யாரும் தடுக்காமல் அகாகிக்கு நேர் மேலே வந்து குண்டு போட்டன. ஒன்றும் கப்பலில் விழவில்லை, பக்கத்துக் கடலில் விழுந்தது. குண்டு வெடித்த பிறகுதான் அகாகியில் இருந்தவர்களுக்கே விமானங்கள் வந்தது தெரிந்தது. ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை. தலைவர் ஆல்ட்டும் அதில் ஒருவர். தங்கள் தலைக்கு மேல் எதிரி வந்து நிற்கும்வரை தெரியவில்லையே என்று அந்தப் படை அன்று யோசித்திருக்க வேண்டும். ஜப்பானியரிடம் கப்பலில் ராடார் கிடையாது, காவல் விமானங்களுக்கு வயர்லெஸில் வழிகாட்டும் ஏற்பாடும் சரியாக இல்லை. எதையும் மாற்றவில்லை. எட்டு வாரம் கழித்து மிட்வே தீவருகே அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அதே மாதிரி உயரத்திலிருந்து வந்தன. கொழும்பைத் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிகளில் அகாகி, சோரியு, ஹிரியு மூன்றும் அங்கே மூழ்கின.

413 ஆம் ஸ்குவாட்ரன் இன்றும் கனடாவில் இருக்கிறது, கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் வேலையில். அதன் சின்னம் யானைத் தலை. இலங்கையில் இருந்ததன் அடையாளம். ராடார் ஏன் சொல்லவில்லை என்று கேட்க முன்வரிசையில் ஒருவர் அப்போதே கை தூக்கினார். அவரிடமிருந்தே கேள்விகளைத் தொடங்கலாம்.