வீட்டு காம்பவுண்டு சுவத்துலயே மேக்ரோ எடுக்கலாம், வாங்க

வணக்கம்ங்க எல்லாருக்கும். மேக்ரோன்னா வேற ஒண்ணும் இல்ல, சின்னப் பூச்சிய ரொம்ப கிட்டப் போயி பெருசா படம் எடுக்கறது. மணி இப்ப நாலே முக்கால், மத்தியானம் நல்ல மழை அடிச்சு இப்பத்தான் விட்டுருக்கு, வெயில் லேசா எட்டிப் பாக்குது, இந்த நேரத்துக்காகத்தான் காலைல இருந்து பேட்டரி எல்லாம் சார்ஜ் போட்டு வெச்சுட்டு உக்காந்திருந்தேன். மழை விட்டதும் பூச்சி எல்லாம் இலைக்கு அடியில இருந்து மேல ஏறி வரும், வந்து றெக்கைய காய வெச்சுட்டு கொஞ்ச நேரம் அசையாம இருக்கும், நமக்கு அதுதான் வேணும். இது பொள்ளாச்சி பக்கம் எங்க வீட்டு பின்வாசல். தோட்டம்னு சொன்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க, ஒரு மாமரம், ஒரு கறிவேப்பிலை, எலுமிச்சை, ரெண்டு செம்பருத்தி, அப்புறம் இந்த காம்பவுண்டு சுவரு, அவ்ளோதான். அண்ணா எந்த காட்டுக்கு போயி எடுக்குறீங்கன்னு நெறைய பேரு கேட்டுட்டே இருக்கீங்க. காட்டுக்கெல்லாம் போகலைங்க, போன மாசம் போட்ட சிலந்தி படம் அத்தனையும் இந்த சுவத்துல எடுத்ததுதான்.

இதோ, மெதுவா வாங்க, நெழல் மேல விழாம நில்லுங்க. தெரியுதா? கறுப்பும் வெள்ளையுமா பட்டை போட்டு ஒருத்தர் உக்காந்திருக்காரு பாருங்க. குதிக்கிற சிலந்தி. ப்ளெக்ஸிப்பஸ் பேகுல்லின்னு பேரு, உங்க வீட்டுலயும் இருக்கும், ட்யூப்லைட் பக்கத்துல வர்ற சின்னப் பூச்சிய புடிக்க சுவத்துலயே சுத்திட்டு இருக்குமே, அதேதான். இப்படி பட்டை பளிச்சுன்னு இருக்கறது ஆம்பள, பொம்பள பழுப்பா இருக்கும். இது வலை கட்டி காத்துட்டு உக்காராது, நடந்து போயி, பதுங்கி, பூனை மாதிரி பாய்ஞ்சு புடிக்கும். பாயறதுக்கு முன்னாடி கால் வெச்ச எடத்துல ஒரு நூல ஒட்டிக்கும், தவறி விழுந்தா அந்த நூலப் புடிச்சு திரும்ப ஏறிடும்.

மொத்தம் எட்டு கண்ணு. முன்னாடி ரெண்டு பெருசா கார் ஹெட்லைட் மாதிரி இருக்குல்ல, அதுலதான் விவரமா பாக்குது, மீதி ஆறும் பக்கத்துலயும் பின்னாடியும் என்ன அசையுதுன்னு பாத்துக்கும். அதனாலதான் நீங்க பின்பக்கமா போனாலும் டக்குன்னு திரும்பிடுது. முன் கண்ணோட லென்ஸ் தலையோட சேர்ந்து கெட்டியா இருக்கும், நம்ம முழி மாதிரி உருளாது, ஆனா உள்ளார குழாய் மாதிரி ஒண்ணு இருக்கு, அதோட கடைசியிலதான் விழித்திரை, அந்தக் குழாய்தான் அங்கயும் இங்கயும் நகரும். வெளிறின கலர்ல இருக்கற சிலந்தி கெடச்சா மேக்ரோல வீடியோ எடுத்துப் பாருங்க, கண்ணுக்குள்ள கறுப்பு நகர்றது அப்படியே தெரியும். நான் மொத தடவ பாத்தப்ப கேமராவ கீழ எறக்கவே மனசு வரல.

இப்ப சொல்லப்போறத கொஞ்சம் கவனமா கேளுங்க, ஏன்னா நான் மேக்ரோவ விடாம புடிச்சுக்கிட்டதுக்கு காரணமே இதுதான். பாய்ஞ்சு புடிக்கணும்னா இரை எவ்ளோ தூரத்துல இருக்குன்னு கரெக்டா தெரியணும்ல? நமக்கு ரெண்டு கண்ணும் கொஞ்சம் வேற வேற கோணத்துல பாக்கறதால தூரம் புரியுது. இது வேற மாதிரி பண்ணுது. ஜப்பான்ல இருக்கற ஆராய்ச்சியாளருங்க 2012ல இத வெளியிட்டாங்க, ஹஸாரியஸ் அடான்சோனின்னு இன்னொரு குதிக்கிற சிலந்தி, அதுவும் வீட்டுக்குள்ள வாழறதுதான், அத வெச்சு பாத்திருக்காங்க. இதோட விழித்திரை நாலு அடுக்கா இருக்கு. கீழ இருக்கற ரெண்டு அடுக்கும் பச்சை வெளிச்சத்தப் பாக்கும், அதுல ஒரு அடுக்குல பிம்பம் ஷார்ப்பா விழும், இன்னொண்ணுல எப்பவுமே அவுட் ஆஃப் ஃபோகஸாத்தான் விழும். எவ்ளோ ப்ளர் ஆகியிருக்குங்கறத வெச்சே இரை எவ்ளோ தூரம்னு கண்டுபுடிச்சிடுது! பச்சை இல்லாத சிவப்பு வெளிச்சத்துல விட்டுப் பாத்தா கணக்கு தப்பி, இரைய எட்டாம குறைவா பாய்ஞ்சு விழுந்திருக்கு. நான் ஒவ்வொரு படத்துலயும் எந்த ப்ளரோட மல்லுக்கட்டிட்டு இருக்கேனோ, அந்த ப்ளர்தான் இதுக்கு சோறு போடுது. இத படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரலைங்க.

சரி, நம்ம ப்ளருக்கு வருவோம். என்கிட்ட இருக்கறது, படம் பதியற சென்சார் கொஞ்சம் சின்னதா இருக்கற கேமரா, ஏபிஎஸ்-சின்னு சொல்வாங்க. 1:1ல, அதாவது பூச்சி என்ன சைசோ அதே சைஸ்ல சென்சார்ல விழற மாதிரி வெச்சு, எஃப் 8ல எடுத்தா (எஃப் நம்பர்னா லென்ஸ் துவாரத்தோட அளவு, நம்பர் ஏற ஏற துவாரம் சின்னதாகும்), ஷார்ப்பா வர்ற ஆழம் சுமாரா 0.6 மில்லிமீட்டர்தான். இன்னும் ரெண்டு மடங்கு பெருசாக்கினா கால் மில்லிமீட்டருக்கு வந்துடும். நம்ம மூச்சு விட்டாலே அதவிட அதிகமா உடம்பு ஆடும். அபர்ச்சர, அதாவது அந்தத் துவாரத்த, எஃப் 22க்கு மூடி ஆழத்தக் கூட்டிட்டா போச்சுன்னு தோணும், பண்ணிப் பாருங்க, படம் முழுக்க சோப்புத் தண்ணியில பாத்த மாதிரி மொத்தமா மழுங்கிடும், ஏன்னா 1:1ல எஃப் 8ங்கறதே எஃப் 16 மாதிரிதான் வேலை செய்யும், அதுக்கு மேல மூடினா சின்னத் துவாரத்துல வெளிச்சம் வளைஞ்சு பரவும், ஷார்ப்ப அந்த டிஃப்ராக்‌ஷன் சாப்டுரும். அதனால நான் எஃப் 8ல இருந்து 11க்குள்ளதான் நிப்பேன், ஃபோகஸ மேனுவல்ல போட்டு லாக் பண்ணிட்டு, உடம்ப முன்னாடி பின்னாடி மெதுவா சாய்ச்சு, அந்த முன் கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு வர்ற நொடியில அழுத்துவேன். கால் மங்கினாலும் பரவால்ல, கண்ணு மங்கினா அந்தப் படத்த டெலீட்தான்.

செடியில இருக்கற பூச்சிக்கு ஒண்ணு சொல்றேன். இடது கையில அந்தக் குச்சிய, பூச்சிக்கு தள்ளி, மெதுவா புடிச்சுக்கோங்க, அந்தக் கை மேலயே லென்ஸ சாச்சு வெச்சுடுங்க. இப்ப காத்தடிச்சாலும் குச்சியும் கேமராவும் சேர்ந்தே ஆடும். ட்ரைபாட் இதுக்கு ஒத்துவராது, நீங்க அத விரிச்சு நிக்க வெக்கறதுக்குள்ள பூச்சி பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும்.

லென்ஸ் என்னன்னு கேட்டிருக்கீங்க, சீக்கிரம் சொல்லிடறேன். 100 எம்எம் மேக்ரோ இருந்தா நல்லது, 1:1ல கூட லென்ஸுக்கும் பூச்சிக்கும் நடுவுல அரை சாணுக்கு கொஞ்சம் மேல இடைவெளி இருக்கும். அவ்ளோ காசு இல்லைன்னா இருக்கற ஜூம் லென்ஸ் முன்னாடி ரேநாக்ஸ் டிசிஆர்-250ன்னு ஒரு க்ளோசப் கண்ணாடி மாட்டலாம். அதுவும் வேணாம்னா ரிவர்ஸ் ரிங் வாங்கி கிட் லென்ஸ தலைகீழா மாட்டுங்க, சில நூறு ரூபாதான் ஆகும், நான் மொத ஒன்றரை வருஷம் அப்படித்தான் எடுத்தேன். ஆனா தலைகீழா மாட்டினா ஆட்டோஃபோகஸ் கெடையாது, பின்பக்க கண்ணாடி வெளிய திறந்து கெடக்கும், கீறல் விழாம பாத்துக்கணும். போன்ல எடுக்கறவங்க அந்த மேக்ரோ மோடுல தாராளமா ஆரம்பிங்க, ஆனா ரொம்ப கிட்ட போகணும், போன் நெழலே பூச்சி மேல விழும், அதுதான் தொல்லை.

ஆனா படத்த மாத்தினது எனக்கு லென்ஸ் இல்லைங்க, லைட்டுதான். இத எத்தன தடவ வேணாலும் சொல்லுவேன். இதோ இந்த ஃப்ளாஷ் மேல கூடாரம் மாதிரி ஒண்ணு நீட்டிட்டு இருக்கு பாருங்க, இது எங்க வீட்டு டிவி வந்த அட்டைப்பெட்டிக்குள்ள இருந்த வெள்ளை ஃபோம் ஷீட்டு. உள்ள ஒரு சிப்ஸ் டப்பா, அதோட உள்பக்கம் வெள்ளியா மின்னும்ல, அதுல பட்டு லைட் முன்னாடி வரும், அப்புறம் ஒரு பட்டர் பேப்பர், அதுக்கப்புறம் இந்த ஃபோம். ஃப்ளாஷ அப்படியே அடிச்சா வண்டு முதுகுல வெள்ளையா ஒரு பொட்டு எரிஞ்சு போயிரும், சிலந்தி கண்ணுல குண்டூசி மாதிரி ஒரு புள்ளி விழும், பாக்கவே கொடூரமா இருக்கும். இப்படி அகலமா, பூச்சிக்கு ரொம்ப கிட்ட கொண்டு வந்துட்டா, ஒரு சென்டிமீட்டர் பூச்சிக்கு இந்த ஃபோம் வானம் மாதிரி. மேகமூட்டமான நாள் வெளிச்சம் அப்படியே வரும், முடி ஒண்ணொண்ணும் எழும்பி நிக்கும். ஃப்ளாஷ் பவர கம்மியா வெச்சா அது எரியற நேரமும் ரொம்ப கம்மி, அதனால கை ஆட்டமும் படத்துல தெரியாது. ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200, அவ்ளோதான் என் செட்டிங்.

வாங்க மாமரத்துக்கு. பாத்து நில்லுங்க, முசுறு இருக்கு, இலைய சேத்து தச்சு கூடு கட்டியிருக்கு பாருங்க, கடிச்சா விடாது. இந்த வரிசையில போறதுல ஒண்ணு எறும்பே இல்ல. எதுன்னு சொல்லுங்க பாப்போம்... அந்த ஓரமா தனியா நடக்குதே அது. சிலந்தி! மிர்மாப்லாட்டா, அச்சு அசலா முசுறு மாதிரியே இருக்கும். எறும்புக்கு கால் ஆறு, மீசை ரெண்டு, இதுக்கு கால் எட்டு, அதனால முன்னங்கால் ரெண்டையும் மேல தூக்கி மீசை மாதிரி ஆட்டிக்கிட்டே நடக்குது. இதுல ஆம்பளைக்கு தாடை முன்னாடி ரொம்ப நீளமா நீட்டிட்டு இருக்கும், பாத்தா ஒரு எறும்பு இன்னொரு எறும்ப தூக்கிட்டுப் போற மாதிரியே இருக்கும். கண்டுபுடிக்க ஒரு சுலபமான வழி, லேசா விரல கிட்ட கொண்டு போங்க, எறும்பு எதுத்து வரும், இது நூல விட்டு கீழ தொங்கிடும். பாருங்க பாருங்க... தொங்கிருச்சு. விட்ருவோம், பாவம், மேல ஏறட்டும்.

இந்த எடத்துல ஒரு விஷயம் சொல்லணும். நான் ஆரம்பிச்ச புதுசுல, பூச்சிய டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல பத்து நிமிஷம் வெச்சா அசையாம போஸ் குடுக்கும்னு எங்கயோ கேட்டு, ஒரு குதிக்கிற சிலந்திய அப்படி வெச்சேன். நடுவுல ஒரு போன் வந்துச்சு, மறந்துட்டேன். எடுத்துப் பாத்தா காலெல்லாம் உள்ள மடிச்சு கெடந்துச்சு. அதுக்கப்புறம் அது எந்திரிக்கல. அந்தப் படம் இன்னிக்கும் எடுக்கல, எடுக்கவும் மாட்டேன். குளிர்ல வெறச்ச சிலந்தி நிக்கற விதமே வேற, தெரிஞ்சவங்களுக்கு படத்தப் பாத்ததும் தெரியும். அசையாத பூச்சி வேணும்னா விடிகாலை ஆறு மணிக்கு எந்திரிச்சு வாங்க, பனியில நனைஞ்சு அதுவாவே அசையாம இருக்கும். பசை வெச்சு ஒட்டறது, நூல் கட்டறது, இதெல்லாம் பண்ணி எடுத்த படத்த எனக்கு அனுப்பாதீங்க, நான் பாக்க மாட்டேன்.

அம்மா கூப்புடறாங்க... வந்துடறேன்மா! எட்டுக்கால் பூச்சி மேல ஏறுனா கொப்புளம் வரும், உள்ள வாடாங்கறாங்க. இது நம்ம ஊருல எல்லா வீட்டுலயும் சொல்றதுதான். அந்தக் கொப்புளம் பல நேரம் வேற ஒரு பூச்சியால வர்றது. பெடரஸ்னு ஒரு சின்ன வண்டு, எறும்பு மாதிரி ஒல்லியா, ஆரஞ்சும் கறுப்புமா இருக்கும், மழைக்காலத்துல லைட்டுக்கு வரும். அது கடிக்காது, நம்ம மேல உக்காந்தத தெரியாம நசுக்கித் தேச்சுட்டா உள்ள இருக்கற விஷம் தோல்ல பட்டு எரிஞ்சு கொப்புளமாகும். மறுநாள் பாத்தா சுவத்துல சிலந்தி இருக்கும், பழி அது மேல. வண்ட ஊதி விட்ருங்க, தேய்க்காதீங்க.

லைட் போகுது, கடைசியா ஒண்ணு, இதுக்குத்தான் இவ்ளோ நேரம் உங்கள நிறுத்தி வெச்சிருக்கேன். செம்பருத்திக்குப் பின்னாடி, இந்த காஞ்ச குச்சி. சத்தம் போடாதீங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழு இருக்கு. நீலப் பட்டை போட்ட தேனீ, அமெஜில்லா. இதுக்கு கூட்டமா வாழற தேன்கூடு கெடையாது. பொம்பள மண்ணுல குழி தோண்டி வாழும், ஆம்பளைக்கு வீடே இல்ல, பொழுது சாஞ்சா இப்படி ஒரு குச்சிக்கு வந்து, தாடையால குச்சிய கடிச்சுப் புடிச்சுக்கிட்டு, கால மடிச்சு, அப்படியே தூங்கும். ராத்திரி முழுக்க வாயாலதான் தொங்கிட்டு இருக்கும். மூணு நாளா இதே குச்சிக்குத்தான் வருதுங்க, அம்மாகிட்ட சொல்லி இத ஒடிக்காம வெச்சிருக்கேன். பக்கவாட்டுல இருந்து, குச்சிக்கு நேரா சென்சார் வர்ற மாதிரி நின்னா ஏழோட கண்ணும் ஒரே தளத்துல விழும், ஒரே படத்துல எல்லாமே ஷார்ப்பா கெடைக்கும். மூணே ஃப்ளாஷ். ஒண்ணு... ரெண்டு... இதோ, இது வந்துருச்சு, கண்ணுல பச்சை தெரியுது பாருங்க, வயித்துல அந்த நீலம். கடைசில இருக்கறது இன்னும் கால மடிக்கல, எடம் பத்தலன்னு நகர்ந்துட்டு இருக்கு. மூணாவது எடுக்கலைங்க, அது தூங்கட்டும். டார்ச்ச அணைச்சுடறேன், இனி உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, காலைல அஞ்சே முக்காலுக்கு இதே குச்சிக்கிட்ட வரேன்.