கோப்பையை நீட்டிய கை யாருடையது?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். பல்கலைக்கழக மாணவிகள் மது அருந்துவது சொந்த விருப்பத்தாலா, சூழலின் வற்புறுத்தலாலா? சூழல்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழி சற்றுமுன் முழங்கினார்: "ஆண் குடித்தால் கேட்காத கேள்வியைப் பெண்ணிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?" நீங்கள் கைதட்டினீர்கள், நானும்தான் தட்டினேன். நியாயமான கேள்வி. ஆனால், குடிக்க உரிமை உண்டா என்பதா இன்றைய தலைப்பு? முதல் கோப்பையை எடுக்க வைத்தது எது என்பதல்லவா வழக்கு!

விடுதி அறையில் பிறந்தநாள் கொண்டாட்டம். ஒருத்தி "எனக்கு வேண்டாம்" என்கிறாள். உடனே விசாரணை: "ஏன்டி, மாத்திரை போடறியா? வீட்ல திட்டுவாங்களா? எங்களையெல்லாம் என்ன நினைச்சுக்கிட்டிருக்கே?" 'ஊற்று' என்றவளிடம் யாரும் காரணம் கேட்கவில்லை, ஐயா. வேண்டாம் என்றவள்தான் கூண்டில் நிற்கிறாள். கடைசியில் வாங்கிக்கொள்கிறாள். யாரும் பார்க்காத நேரத்தில் பாதியைத் தொட்டிச் செடிக்கு ஊற்றுகிறாள். (செடியின் விருப்பத்தை யார் கேட்டார்கள்?)

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களை ஆராய்ந்து டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற உளவியலாளர்கள் 1993-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சொல்கிறது. 'குடியைப் பற்றி எனக்குத்தான் சங்கடம், மற்றவர்களுக்கு அவ்வளவு இல்லை' என்றே மாணவர்கள் பொதுவாக நினைத்திருந்தார்கள். நாளாக ஆக, ஆண்கள் அந்தக் கற்பனைப் பெரும்பான்மையை நோக்கித் தம் மனத்தை மாற்றிக்கொண்டார்கள். பெண்களிடம் அந்த மாற்றம் தென்படவில்லை. உள்ளுக்குள் சங்கடம் அப்படியே இருக்க, கையில் மட்டும் கோப்பை இருந்தால், அதற்கு விருப்பம் என்றா பெயர்?

'சுதந்திரம்' என்றார்கள். 1929-இல் நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட்டோடு நடக்கவிட்டு, அதற்குச் 'சுதந்திரத் தீப்பந்தங்கள்' என்று பெயர் சூட்டியவர் எட்வர்ட் பெர்னேஸ். விளம்பரக்காரர், கூலி கொடுத்தது சிகரெட் நிறுவனம். பெண்ணுரிமையை உறையாகச் சுற்றி விற்கும் வித்தை நேற்று வந்ததல்ல.

'சமத்துவம்' என்றார்கள். ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தால், பொதுவாகப் பெண்ணின் இரத்தத்தில்தான் மதுவின் அளவு கூடுதலாக ஏறும். அவள் உடலில் நீரின் பங்கு குறைவு. சரிக்குச் சமமாக ஊற்றுகிற கூட்டம் இதை அவளிடம் சொல்வதுண்டா?

"பிடிக்காவிட்டால் மறுக்கட்டுமே" என்று எதிரணி எளிதாகச் சொல்லிவிட்டது. மறுக்கலாம். நான்கு முறை மறுத்தவளுக்கு ஐந்தாவது அழைப்பு வராது, நடுவர் அவர்களே. வரும் என்று எதிரணி உறுதி கொடுக்கட்டும், இப்போதே உட்கார்ந்துவிடுகிறேன்.