டென்ட்டில் தூங்கினால் ரெஜிஸ்ட்ரேஷன் யார் போடுவது? மத்திய ஆசியா தரைவழிப் பயணம்

வணக்கம் மக்களே! கஜகஸ்தானில் சிம்கென்ட் ஊரிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கிற சத்தம் எல்லாம் தாஷ்கண்ட் பக்கம் போகிற ஷேர் டாக்ஸிக்காரர்கள் ஆள் பிடிக்கிற சத்தம். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான், நடுவில் ஒரு எல்லை.

விசா பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அது சுலபம். இந்திய பாஸ்போர்ட்டுக்குக் கஜகஸ்தானில் ஒரு தடவைக்கு 14 நாள் வரை விசா வேண்டாம். உஸ்பெகிஸ்தானுக்கு ஆன்லைனில் இ-விசா, 20 டாலர், 30 நாள். யாருமே கேட்காதது ரெஜிஸ்ட்ரேஷன். தரைவழியாகப் போகிறவர்களுக்குத் தலைவலியே அங்கேதான்.

விசா உங்களை நாட்டுக்குள் விடும், அவ்வளவுதான். உள்ளே வந்த ஆள் எந்த ஊரில், எந்த முகவரியில் தூங்குகிறார் என்று அரசாங்கத்துக்குத் தெரிவிப்பதுதான் ரெஜிஸ்ட்ரேஷன். இந்தப் பகுதியில் இது பழைய பழக்கம். சோவியத் காலத்தில் 1932-லேயே உள்நாட்டு பாஸ்போர்ட் கொண்டுவந்து, சொந்தக் குடிமக்களையே முகவரியோடு பதியச் சொன்னார்கள். வெளிநாட்டுக்காரர்களைச் சும்மா விடுவார்களா? அந்த வேலையைப் பார்த்த அலுவலகத்துக்கு ஓவிர் என்று பெயர். பெயர்ப்பலகை மாறினாலும் பெரியவர்கள் இன்னும் ஓவிர் என்றுதான் வழி சொல்வார்கள்.

எந்த நாடாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: பதிய வேண்டியது நானா, என்னைத் தங்க வைக்கிறவரா?

கஜகஸ்தானில் இப்போது தங்க வைக்கிறவர். முன்பெல்லாம் எல்லையில் கொடுக்கிற வெள்ளைச் சீட்டில் இரண்டு முத்திரை விழுந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்றுதான் இருந்தால் 5 நாளுக்குள் போலீஸ் அலுவலகத்துக்கு அலைய வேண்டும். 2020 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது ஹோட்டலோ வீட்டுக்காரரோ 3 வேலை நாளுக்குள் தகவல் கொடுத்தால் போதும்.

உஸ்பெகிஸ்தான்தான் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம். அங்கே 3 நாளுக்குள் பதிவு நடந்திருக்க வேண்டும். ஹோட்டலில் தங்கினால் ரிசப்ஷனிலேயே இ-மெஹ்மான் என்கிற ஆன்லைன் முறையில் ஏற்றிவிட்டு ஒரு ஸ்லிப் தருவார்கள். தாஷ்கண்ட், சமர்கண்ட், புகாரா என்று ரயிலில் சுற்றுகிறவருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. வீட்டையே கெஸ்ட் ஹவுஸ் ஆக்கி நடத்துகிறவர்களும் பதிந்து தருவார்கள். ஆனால் மிக மலிவான இடம் என்றால், பணம் கொடுப்பதற்கு முன்னால் 'ரெகிஸ்த்ராத்சியா யெஸ்த்?' (ரஷ்ய மொழியில், ரெஜிஸ்ட்ரேஷன் உண்டா?) என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

சைக்கிள்காரர்கள், பைக்கில் வருகிறவர்கள் கதை வேறு. உஸ்பெகிஸ்தானின் மேற்கே இருக்கிற நுகுஸிலிருந்து புகாரா வரை 500 கிலோமீட்டருக்கு மேல் சாலை, பெரும்பகுதி கிசில்கும் பாலைவனம். பாலைவனத்தில் வழியில் பெரும்பாலும் இருப்பது சாய்கானா என்கிற டீக்கடைகள்தான். சாப்பிட்டால் அந்தத் திண்ணை மாதிரியான கட்டிலிலேயே படுத்துக்கொள் என்பார்கள், காசு கூட வாங்க மாட்டார்கள். தங்கமான மனிதர்கள், ஆனால் அவர்களால் ஸ்லிப் தர முடியாது. மணலில் டென்ட் போட்டால் கேட்கவே வேண்டாம். ஹோட்டலில் தூங்குகிற ஆளை மனதில் வைத்து எழுதிய விதி இது, டென்ட்டுக்கு ஏது முகவரி?

அதனால் சைக்கிள்காரர்கள் செய்வது இதுதான். பாலைவனத்துக்குள் போகும் முன் நுகுஸில் ஒரு ஸ்லிப், வெளியே வந்ததும் புகாராவில் ஒரு ஸ்லிப். நடுவில் இருக்கிற நாட்களுக்கு, எங்கே இருந்தோம் என்று காட்டத் தேதியோடு போட்டோ, கடை பில். இரவு ரயிலில் போயிருந்தால் அந்த டிக்கெட்டையும் தூக்கிப் போடாதீர்கள், அந்த இரவுக்கு அதுதான் கணக்கு.

நாட்டை விட்டுக் கிளம்பும்போது ஸ்லிப்புகளைக் கேட்பது இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. முன்பு அபராதம், நாடு கடத்தல் வரைக்கும் போயிருக்கிறது. யாரும் கேட்கவில்லை என்பதற்காக விதி இல்லை என்று ஆகிவிடாது. அப்புறம், சில விடுதிகளில் 'விட்டுப்போன நாட்களையும் சேர்த்துப் போட்டுத் தருகிறேன், இவ்வளவு கொடு' என்பார்கள். வேண்டவே வேண்டாம். ஸ்லிப் இல்லாததை விளக்கிச் சொல்லிவிடலாம், பொய் ஸ்லிப்பை விளக்க முடியாது.

இங்கிருந்து கிழக்கே கோர்கோஸ் எல்லை வழியாகச் சீனா போகிறவர்களுக்கு நேரம் இன்னும் குறைவு, 24 மணி நேரம். ஹோட்டல் என்றால் அவர்களே பதிந்துவிடுவார்கள். நண்பர் வீடு என்றால் நீங்களோ அவரோ உள்ளூர் போலீஸ் நிலையத்தில் பதிய வேண்டும். தவறினால் எச்சரிக்கை, கூடவே 2,000 யுவான் வரை அபராதம் போடலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு 'என்னடா இவர்கள் இப்படி!' என்று சலித்துக்கொள்ள வேண்டாம். நம் ஊரிலும் இதே கதைதான். உலகம் சுற்றுகிற ஒரு ஜெர்மன் சைக்கிள்காரரை மதுரையில் உங்கள் வீட்டில் ஓர் இரவு தங்க வைத்தால், 24 மணி நேரத்துக்குள் அதை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கிற படிவத்தை (ஃபார்ம் சி என்று பழகிய பெயர்) பதிய வேண்டியது நீங்கள்தான். ஹோட்டலுக்கு மட்டும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம், வீட்டுக்கும் உண்டு. ஆன்லைனிலேயே செய்யலாம். விருந்தாளி சாப்பிட உட்காரும் முன்னாலேயே அவர் பாஸ்போர்ட்டையும் விசாவையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.