பழைய கேமிங் லேப்டாப்பின் கிராபிக்ஸ் கார்டு: சூடேற்றும் முன் சோதித்துப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. மேசையில் நீங்கள் பார்ப்பது 2013-இல் வெளிவந்த ஏலியன்வேர் 17. இதனுள் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 780எம் கார்டு இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும், விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே, முகப்புச் சின்னத்தின் மேல் சீரான இடைவெளியில் செங்குத்துக் கோடுகள் விழுகின்றன. டிரைவரை நிறுவினால் திரை கறுத்துவிடுகிறது. இதைக் கொண்டுவந்த தம்பி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, கார்டைக் கழற்றி ஓவனில் வைத்து எடுத்தால் சரியாகிவிடுமா என்பதுதான். இதே கேள்வியைப் பலரும் கேட்பதால், வேலையைத் தொடங்குவதற்கு முன் அதற்கு விரிவாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஓவனில் வைத்தால் சிப்பின் அடியில் விரிசல் விட்ட சால்டர், அதாவது சிப்பைப் போர்டோடு ஒட்டும் உலோகப் பற்று, உருகி மீண்டும் ஒட்டிக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். அந்தக் கணக்கே பொருந்தவில்லை. ஈயம் கலந்த பழைய சால்டர் 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஆனால் 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈயக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்த பிறகு தயாரான லேப்டாப்களில் பெரும்பாலும் ஈயமில்லாத சால்டரே இருக்கிறது. அது உருகுவதற்கு ஏறக்குறைய 217 டிகிரி தேவை. பலரும் ஓவனில் வைக்கும் 190, 200 டிகிரியில் அது அசையக்கூடச் செய்யாது. அப்படியிருந்தும் சில கார்டுகள் உயிர்பெறுவது உண்மைதான். ஏனென்றால், பழுது பல வேளைகளில் சிப்புக்கும் போர்டுக்கும் நடுவில் இருப்பதில்லை. சிலிக்கான் துண்டை அதன் அடிப்பலகையோடு இணைக்கும் மிக நுண்ணிய சால்டர் புள்ளிகளில், அதாவது சிப்பின் உள்ளேயே, அது இருக்கிறது.

இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று உண்டு. 2008 ஜூலையில் என்விடியா, தன்னுடைய சில லேப்டாப் சிப்களின் உட்பொதிவுப் பொருள்கள் பலவீனமாக இருப்பதை ஒப்புக்கொண்டு, பழுதுச் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. ஆப்பிளின் மேக்புக் ப்ரோவில் இருந்த என்விடியாவின் 8600எம் ஜிடி சிப்பும் அந்தப் பழுதுக்கு ஆளானது. சிலிக்கானும் அடிப்பலகையும் வெப்பத்தில் வெவ்வேறு அளவில் விரிகின்றன. விளையாடும்போது விரிந்து, அணைத்தபின் சுருங்கி, இது ஆண்டுக்கணக்கில் நடக்கும்போது நடுவிலுள்ள நுண்புள்ளிகளில் விரிசல் விழுகிறது. சூடேற்றினால் விரிசலின் இரு முகங்களும் மீண்டும் தொட்டுக்கொள்கின்றன, சில வாரங்கள் ஓடும், மறுபடி பிரிந்துவிடும். அந்தக் காலத்து நுண்புள்ளிகளில் இருந்த உயர் ஈயக் கலவை உருக 300 டிகிரிக்கும் மேல் வேண்டும் என்பதால், ஓவனில் எதுவும் ஒட்டியிருக்க வாய்ப்பே இல்லை. மேலும், சமையலுக்குப் பயன்படும் ஓவனில் எலக்ட்ரானிக்ஸ் போர்டை வைப்பது உடல்நலத்துக்கும் கேடு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இனி இந்தக் கார்டுக்கு வருவோம். முதலில் வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்த்தேன். அதிலும் அதே கோடுகள் தெரிந்ததால், லேப்டாப் திரையின் மேலோ கேபிளின் மேலோ பழி இல்லை. விண்டோஸுக்கு முன்பே கோடுகள் வருவதால் டிரைவரின் மேலும் பழி இல்லை. விளையாடத் தொடங்கிச் சிறிது நேரம் கழித்து மட்டுமே புள்ளிகள் தோன்றியிருந்தால், நான் முதலில் தூசியையும், சிப்பின் வெப்பத்தைக் கடத்தத் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோனதையும்தான் சந்தேகித்திருப்பேன். குளிர்ந்த நிலையிலேயே சீரான இடைவெளியில் கோடுகள் வருவது கார்டின் நினைவகத்தைச் சுட்டிக்காட்டுகிறது.

இந்த மாடலில் ஒரு நன்மை இருக்கிறது. கார்டு மதர்போர்டில் நேரடியாகச் சால்டர் செய்யப்படாமல், எம்.எக்ஸ்.எம் என்ற தனிப் பலகையாகக் கழற்றும்படி இருக்கிறது. 2015-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஏலியன்வேர் 17-இல் இந்த வசதியை எடுத்துவிட்டார்கள்; எனக்கு அது இன்றும் வருத்தம்தான். சார்ஜரையும் பேட்டரியையும் துண்டித்த பிறகு, சிப்பின் வெப்பத்தை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்க்கில் பொறித்துள்ள எண்களின் வரிசையில் திருகுகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை மட்டும் முழுவதும் கழற்றினால் அழுத்தம் சிப்பின் ஒரு மூலையில் விழுந்து, அது உடையக்கூடும்.

கேமராவை அருகே கொண்டுவருகிறேன், பாருங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கார்டின் கிரவுண்ட் புள்ளியிலும் மறு முனையை 19 வோல்ட் வரும் வழியிலும் வைத்தால், கிலோ ஓம் அளவில் காட்டுகிறது. அங்கே ஷார்ட், அதாவது மின்சாரம் நேராகக் கிரவுண்டுக்குப் பாயும் பழுது, இல்லை. சிப்புக்கு மின்சாரம் தரும் காயில்களில் மிகக் குறைந்த ஓம் காட்டும். அதைப் பார்த்து ஷார்ட் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், பெரிய கிராபிக்ஸ் சிப்புக்கு அது இயல்பான அளவே. 19 வோல்ட் வழியில் உண்மையாகவே ஷார்ட் இருந்திருந்தால், கரன்ட் அளவைக் கட்டுப்படுத்தி ஒரு வோல்ட் மட்டும் செலுத்தி, மேலே ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தடவியிருப்பேன். பழுதான கப்பாசிட்டர் சூடாவதால், அதன் மேல் ஆல்கஹால் முதலில் உலர்ந்துவிடும்.

மின்வழிகள் நலமாக இருந்ததால் நினைவகத்தைத் தடம் தடமாகச் சோதித்தேன். பிழைகள் எல்லாம் ஒரே ஒரு நினைவகச் சிப்பில் விழுந்தன, மற்றவை சுத்தமாக இருந்தன. இங்கேதான் வெப்பத்துக்கு வேலை வருகிறது; அதுவும் அந்தச் சிப்புக்கு மட்டும். போர்டைக் கீழிருந்து மெதுவாகச் சூடேற்றி, சால்டர் நன்றாக உருகி ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் இட்டு, மேலிருந்து வெப்பக்காற்று கொடுத்துச் சிப்பை எடுத்தேன். அடியிலுள்ள பழைய சால்டரைச் சமமாகத் துடைத்துவிட்டு, பயன்படாத வேறொரு கார்டிலிருந்து எடுத்த, அதே பகுதி எண் கொண்ட ஜிடிடிஆர்5 நினைவகச் சிப்பில் 170 புதிய சால்டர் உருண்டைகளைப் பதித்துப் பொருத்தினேன். சால்டர் உருகிய நிலையில் சிப்பை இடுக்கியால் மெல்லத் தொட்டால், அது சற்றே நகர்ந்து தானாகவே தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். அது திரும்பிய பிறகே காற்றை நிறுத்த வேண்டும்.

பழுது கார்டின் மையச் சிப்பில், அதாவது கிராபிக்ஸ் சிப்பிலேயே, இருந்திருந்தால் நான் அதைத் தொட்டிருக்க மாட்டேன், வேறொரு எம்.எக்ஸ்.எம் கார்டு தேடியிருப்பேன். அப்படி வாங்குபவர்கள் ஹீட்சிங்க் பொருந்துமா, லேப்டாப்பைத் தொடக்கும் மென்பொருளான பயாஸ் அந்தக் கார்டை ஏற்குமா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். கார்டு சால்டர் செய்யப்பட்ட மாடலாக இருந்து, பிராசசரிலேயே கிராபிக்ஸும் இருந்தால், பழுதான சிப்பை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிட்டுப் படிப்புக்கும் அலுவலுக்கும் தொடர்ந்து பயன்படுத்தலாம். கடையில் கொடுப்பதானால், சிப்பை மாற்றப்போகிறார்களா, வெறுமனே சூடேற்றப்போகிறார்களா என்று தெளிவாகக் கேட்டுப் பதிலை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

மீண்டும் பொருத்தும்போது, நினைவகச் சிப்களின் வெப்பத்தை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் மெத்தையான தெர்மல் பேடின் தடிமனில் கவனம் வையுங்கள். பழைய பேடை அளந்து அதே தடிமனில் வாங்குங்கள். அது தடித்துவிட்டால் ஹீட்சிங்க் மையச் சிப்பை அழுத்தமாகத் தொடாது. மெலிந்துவிட்டால் நினைவகச் சிப்கள் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் தவிக்கும்.

இப்போது முகப்புச் சின்னம் தெளிவாகத் தெரிகிறது, நினைவகச் சோதனையும் பிழையில்லாமல் முடிந்தது. இந்த 780எம் உட்பட, லேப்டாப்களில் உள்ள கெப்ளர் தலைமுறைக் கார்டுகளுக்கான புதிய கேம் டிரைவர்களை என்விடியா 2019-இல் நிறுத்திவிட்டதால், அதற்கு முந்தைய டிரைவரையே நிறுவியிருக்கிறேன். விளையாட்டின் வேகத்தை நொடிக்கு 60 ஃபிரேமாகக் கட்டுப்படுத்தியும் வைத்திருக்கிறேன். கார்டு வீணாகச் சூடாகாமல் இருக்க அதுவே இப்போதைக்குப் போதும்.