துறைமுகத்திலிருந்து வந்த கப்டன்

[காட்சி: திருகோணமலை உட்துறைமுக வீதி, விடியற்காலை. மீன்பிடிப் படகுகள் கரைக்குத் திரும்புகின்றன.]

வணக்கம். பின்னால் தெரிவது எங்கள் துறைமுகம். படகு என்ஜின் சத்தத்தில் கண் விழித்து வளர்ந்தவன் நான். அதனாலோ என்னவோ, சுப்பர் ஹீரோ கொமிக்ஸில் எனக்குப் பிடித்த ஆள் சுவர் ஏறுகிறவரும் இல்லை, இரும்புக் கவசம் போட்ட கோடீஸ்வரரும் இல்லை. ஒரு துறைமுகக் காவல் அதிகாரி. பெயர் மொனிக்கா ராம்போ.

"கப்டன் மார்வெல்" என்றதும் உங்களுக்கு கரோல் டான்வர்ஸ்தான் நினைவுக்கு வருவார். கரோலுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது 2012-இல். அதற்கு முப்பது வருடம் முன்பே, 1982-இல், ஸ்பைடர்மேன் ஆண்டு மலர் ஒன்றில் மொனிக்கா அந்தப் பெயரோடு வந்துவிட்டாள். எழுதியவர் ரொஜர் ஸ்டேர்ன், வரைந்தவர் ஜோன் ரொமிட்டா ஜூனியர்.

[காட்சி: நியூ ஓர்லியன்ஸ் வரைபடம். பிறகு ஒரு சிறிய ரோந்துப் படகின் கோட்டோவியம்.]

அவள் நியூ ஓர்லியன்ஸ் துறைமுக ரோந்துப் படையில் லெப்டினன்ட். அப்பா தீயணைப்பு வீரர். ஆபத்தான ஆயுதம் ஒன்றை அழிக்கப் போன இடத்தில் வேறு பரிமாணத்துச் சக்தி உடம்பில் பாய்கிறது. அதன் பிறகு ஊடகங்கள்தான் அவளைக் "கப்டன்" ஆக்கின. லெப்டினன்டுக்குப் பத்திரிகைக்காரர் கொடுத்த பதவி உயர்வு!

சரி, என்ன சக்தி? உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் மின்காந்தத் திருசியத்தை, அதாவது மின்காந்த அலைகளின் வரிசையை, மறந்திருக்க மாட்டீர்கள். காமா, எக்ஸ், கழியூதா, கண்ணுக்குத் தெரியும் ஒளி, செங்கீழ், நுண்ணலை, வானொலி. இதில் எதுவாகவும் அவளால் மாற முடியும். அவற்றை எறிகிறவள் அல்ல, அதுவாகவே ஆகிவிடுகிறவள். ஒளியாக மாறினால் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீற்றர். நியூ ஓர்லியன்ஸிலிருந்து திருகோணமலைக்கு 15,000 கிலோமீற்றருக்குச் சற்று மேல் என்று வைத்தால், செக்கனில் இருபதில் ஒரு பங்கு நேரம். கோணேசர் கோயிலடியில் நிற்கும் மான் ஒருமுறை கண் சிமிட்டி முடிப்பதற்குள் வந்து சேர்ந்துவிடுவாள். (ஒளி நேர்கோட்டில்தானே போகும், பூமி உருண்டையைச் சுற்றி எப்படி வளைவாள் என்று கேட்காதீர்கள். கொமிக்ஸ்!)

ஆனால் நான் ரசிப்பது இதையல்ல. மார்வெல் கொமிக்ஸின் சுப்பர் ஹீரோ அணியான அவெஞ்சர்ஸில் அவள் பயிலுநராகச் சேர்கிறாள். கையில் இத்தனை சக்தி இருந்தும் கேட்டுக் கேட்டுப் பழகுகிறாள். ஆபத்து வந்தால் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, யார் எங்கே, எத்தனை பேர் என்று சுருக்கமாகச் சொல்கிறாள். ரோந்துக்குப் போனவளின் பழக்கம் அது. 1986-இல் வில்லன் கூட்டம் ஒன்று அவெஞ்சர்ஸ் மாளிகையைப் பிடிக்கும் கதையில், அவளை இருட்டுப் பரிமாணம் ஒன்றுக்குள் தள்ளி அடைக்கிறார்கள். அவளுடைய பெறுமதியை வாசகரை விட வில்லன்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். அடுத்த வருடம் அவளே அணித் தலைவி. அவெஞ்சர்ஸுக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினப் பெண்.

[காட்சி: கறுத்த வானம். கடல்மேல் மின்னல்.]

பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தலைமையை கப்டன் அமெரிக்காவிடம் கொடுக்க வேண்டும் என்ற ஆசிரியர் தரப்பின் எண்ணத்துக்கு, அவெஞ்சர்ஸ் தொடரையும் எழுதிவந்த ஸ்டேர்ன் உடன்படவில்லை. அவர் தொடரை விட்டுப் போக நேர்ந்தது. 1988-இல் வேறு கைகள் எழுதிய கதையில், கடல் அரக்கி ஒன்றோடு மோதும்போது மொனிக்கா மின்னலாக மாறிய நிலையில் கடல்நீரைத் தொடுகிறாள். உடல் கடற்பரப்பெங்கும் சிதறிப் பரவுகிறது. மீண்டு வரும்போது வற்றி ஒடுங்கிய உடம்பு. சக்தி இல்லை, தலைமையும் இல்லை.

இந்தக் கதையை ஆழ்கடலுக்குப் போய்வந்த என் பெரியப்பாவிடம் சொன்னேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"துறைமுகத்தில வேலை செய்த பிள்ளை எண்டுதானே சொன்னனீ?"

"ஓம் பெரியப்பா."

"அப்ப, உப்புத் தண்ணியில மின்னல் என்ன செய்யுமெண்டு அவளுக்குத் தெரியாதோ? எழுதினவனுக்குத்தான் கடல் தெரியேல்ல."

இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கும் வாசித்ததில்லை.

சக்தி பிறகு திரும்பியது. பெயர்தான் நிற்கவில்லை. 1996-இல், மொனிக்காவுக்கும் முன்பே அந்தப் பெயரைத் தாங்கியிருந்த பழைய கப்டன் மார்வெலின் மகனுக்குப் பட்டத்தை விட்டுக்கொடுத்து "போட்டோன்" ஆனாள். பின்னாளில் அந்தப் பெயரையும் அவனே எடுத்துக்கொண்டான்! பிறகு "பல்சார்", 2013-இல் "ஸ்பெக்ட்ரம்". திரையில் வாண்டாவிஷன் தொடர், த மார்வல்ஸ் படம் இரண்டிலும் டெயோனா பாரிஸ் நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் அந்த மொனிக்கா விண்வெளி ஆள். துறைமுகம் அங்கே காணாமல் போய்விட்டது.

அவள் பெயரைத் தலைப்பில் தாங்கிய குறுந்தொடர் ஒன்று 2022 டிசம்பரில் தொடங்கியது. நாற்பது வருடக் காத்திருப்புக்கு ஐந்தே இதழ்கள். எழுதியவர் ஈவ் யூவிங். அதிலிருந்து தொடங்காதீர்கள். ஸ்டேர்னின் அவெஞ்சர்ஸிலிருந்து தொடங்குங்கள், மாளிகை முற்றுகைக் கதைக்கு முந்திய இதழ்களிலிருந்தே.

[காட்சி: கடைசிப் படகு கரை தொடுகிறது. பெரியப்பா கயிறு எறிகிறார்.]